வேதி வெப்ப இயக்கவியல்: சூத்திரத்தைத் தொடும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

வெப்ப இயக்கவியல் பாடத்தில் சூத்திரங்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். அத்தனையும் தலைகீழாகத் தெரிந்த மாணவரும் விடையில் கோட்டை விடுகிறார் என்றால், பெரும்பாலும் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். எது அமைப்பு என்று முடிவு செய்யவில்லை, குறியை மாற்றிப் போட்டுவிட்டார், நீர் திரவமா ஆவியா என்று பார்க்கவில்லை, ஜூலையும் கிலோஜூலையும் கலந்துவிட்டார். கணக்கைத் தொடங்கும் முன் விடைத்தாளின் ஓரத்தில் அமைப்பு, குறி, பௌதிக நிலை, அலகு என்று நான்கையும் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த நான்கையும் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: எல்லைக்கோடு போடுங்கள்

நாம் ஆராய எடுத்துக்கொண்ட பகுதி அமைப்பு. மற்றதெல்லாம் சூழல். மூடாத முகவையில் நடக்கும் வினை திறந்த அமைப்பு. பொருளும் போகும், வெப்பமும் போகும். மூடி போட்ட பாத்திரம் மூடிய அமைப்பு. வெப்பம் மட்டும் போகும். இரண்டும் போகாதது தனித்த அமைப்பு. உண்மையில் முழுமையான தனித்த அமைப்பு கிடையாது. நல்ல பிளாஸ்க்கைச் சில நிமிடங்களுக்கு அப்படி எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அமிலமும் காரமும் கலக்கும் சோதனையில் இது ஏன் முக்கியம்? அங்கே அமைப்பு என்பது வினைபுரியும் அயனிகள். நீரும் கப்பும் வெப்பமானியும் சூழல். வெப்பமானி ஏறுகிறது என்றால் சூழல் வெப்பம் பெற்றது, அமைப்பு இழந்தது. ஆகவே வினையின் என்தால்பி மாற்றம், அதாவது மாறா அழுத்தத்தில் அமைப்பு பெறும் அல்லது இழக்கும் வெப்பம், எதிர்க்குறி. ‘வெப்பநிலை கூடியதே, எப்படி மைனஸ் வரும்?’ என்று கேட்பவர் நீரையே அமைப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

படி 2: குறியை ஒரே மரபில் வையுங்கள்

வேதியியலில் அமைப்புக்குள் வருவது நேர்க்குறி, வெளியே போவது எதிர்க்குறி. வெப்பத்துக்கும் இதே விதி, வேலைக்கும் இதே விதி. எனவே முதல் விதி இப்படி:

அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் + வேலை

இயற்பியல் புத்தகங்களில் பெரும்பாலும் இதையே ‘வெப்பம் − வேலை’ என்று பார்ப்பீர்கள். அங்கே வேலை என்பது அமைப்பு செய்த வேலை. இங்கே அமைப்பின் மீது செய்யப்பட்ட வேலை. இரண்டுமே சரி. ஒரே கணக்கில் இரண்டையும் கலப்பதுதான் தவறு. நீட் தேர்வுக்கு இரு பாடத்தையும் ஒரே வாரத்தில் படிப்பவர்கள் இதில் நிச்சயம் ஒருமுறையாவது சறுக்குவார்கள்.

வாயு விரிவடைந்தால் அது சூழலைத் தள்ளுகிறது, ஆற்றலை வெளியே கொடுக்கிறது. ஆகவே வேலை = −(வெளி அழுத்தம் × கனஅளவு மாற்றம்). இதில் வருவது வெளி அழுத்தம். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் அல்ல. லிட்டர்-அட்மாஸ்பியரில் விடை வந்தால் 101.3 ஆல் பெருக்கி ஜூலுக்கு மாற்றுங்கள்.

படி 3: வழியைச் சார்ந்ததா, நிலையை மட்டும் சார்ந்ததா?

அக ஆற்றல் (அமைப்புக்குள் இருக்கும் மொத்த ஆற்றல்), என்தால்பி, என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதன் அளவு), கட்டிலா ஆற்றல் (வினை தானாக நடக்குமா என்று சொல்வது, படி 8இல் வரும்) ஆகியவை நிலைச்சார்புகள். தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். வெப்பமும் வேலையும் வழிச்சார்புகள். இந்த இரண்டு வரியை எல்லோரும் எழுதுவார்கள். எண்ணில் பார்த்தவர்கள் குறைவு. ஒரு மோல் நல்லியல்பு வாயு, 300 கெல்வினில், 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு மூன்று வழிகளில் விரிவடையட்டும்.

முதல் வழி, மீள் முறை. வெளி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறோம். வேலை = −8.314 × 300 × (2இன் இயல் மடக்கை 0.693) = −1729 ஜூல். இங்கும் இனியும் 8.314 என்பது வாயு மாறிலி.

இரண்டாம் வழி, வெளி அழுத்தத்தை முடிவு அழுத்தத்துக்கு ஒரேயடியாக இறக்கிவிடுகிறோம். 20 லிட்டரில் வாயுவின் அழுத்தம் 1.247 பார். அதை எதிர்த்து 10 லிட்டர் விரிகிறது. வேலை = −1247 ஜூல்.

மூன்றாம் வழி, வெற்றிடத்துக்குள் திறந்துவிடுகிறோம். எதிர்க்க ஆளில்லை. வேலை பூஜ்யம்.

நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டும் சார்ந்தது. வெப்பநிலை மாறவில்லை என்பதால் மூன்றிலும் அக ஆற்றல் மாற்றம் பூஜ்யம். ஆக, உள்ளே வந்த வெப்பம் முறையே 1729, 1247, 0 ஜூல். மாறா வெப்பநிலை என்றதும் வெப்பமும் பூஜ்யம் என்று எழுதுவது இங்கே நடக்கும் வழக்கமான பிழை. வெப்பப் பரிமாற்றம் இல்லாதது வெப்பம் மாறாச் செயல்முறை, அது வேறு. இந்த மூன்று எண்களையும் குறித்து வையுங்கள், படி 7இல் தேவைப்படும்.

படி 4: அக ஆற்றலிலிருந்து என்தால்பிக்கு

மாறா கனஅளவில் அளக்கும் வெப்பம் அக ஆற்றல் மாற்றம். மூடிய எஃகுக் கலத்தில் வினை நடக்கும் குண்டுக் கலோரிமீட்டர் தருவது இதைத்தான். மாறா அழுத்தத்தில் அளக்கும் வெப்பம் என்தால்பி மாற்றம். திறந்த கப் தருவது இது. இரண்டையும் இணைப்பது:

என்தால்பி மாற்றம் = அக ஆற்றல் மாற்றம் + (வாயு மோல்களின் மாற்றம் × 8.314 × வெப்பநிலை)

வாயு மோல்கள் மட்டும். திரவத்தையும் திண்மத்தையும் எண்ணக்கூடாது. மீத்தேன் எரிதலில் இடப்பக்கம் ஒரு மீத்தேன், இரண்டு ஆக்சிஜன். வலப்பக்கம் ஒரு கார்பன் டைஆக்சைடு, இரண்டு திரவ நீர். மாற்றம் 1 − 3 = −2. 298 கெல்வினில் −2 × 8.314 × 298 = −4955 ஜூல், அதாவது சுமார் −5.0 கிலோஜூல். என்தால்பி மாற்றம் −890.3 என்றால் அக ஆற்றல் மாற்றம் −885.3 கிலோஜூல்.

அதே வினையில் நீர் ஆவியாக வெளியேறினால் வாயு மோல் மாற்றம் பூஜ்யம், இரண்டும் சமமாகிவிடும். எண்ணும் மாறும். ஒரு மோல் நீரை 298 கெல்வினில் ஆவியாக்க 44.0 கிலோஜூல் வேண்டும், இரண்டு மோலுக்கு 88.0. ஆகவே எரிதல் என்தால்பி −802.3. சமன்பாட்டில் நீர் திரவமா ஆவியா என்று சொல்லும் ஓர் அடைப்புக்குறியைப் படிக்காமல் விட்டால் விடை 88 கிலோஜூல் தள்ளிப்போகிறது.

படி 5: கையால் அளந்து பாருங்கள்

நடுநிலையாக்கல் என்தால்பியை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு தெர்மோகோல் கப், துளையிட்ட மூடி, 0.1 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, அளவுச் சாடி போதும். கண்ணாடி முகவையில் செய்யாதீர்கள். 100 கிராம் கண்ணாடி ஒரு டிகிரி ஏறவே சுமார் 80 ஜூல் விழுங்கும். தெர்மோகோல் கப்பில் இந்த இழப்பு மிகக் குறைவு.

முதலில் கப்பின் வெப்ப ஏற்புத்திறன், அதாவது அது ஒரு டிகிரி ஏற விழுங்கும் வெப்பம். நீருக்கு அது கிராமுக்கு 4.18 ஜூல். கப்பில் 25.0 டிகிரியில் 50 கிராம் நீர். 45.0 டிகிரியில் உள்ள 50 கிராம் நீரை அதில் ஊற்றுகிறோம். இழப்பே இல்லையென்றால் 35.0 டிகிரி வர வேண்டும், வந்தது 34.6 என்று வைத்துக்கொள்வோம். சுடுநீர் இழந்தது 50 × 4.18 × 10.4 = 2174 ஜூல். குளிர்நீர் பெற்றது 50 × 4.18 × 9.6 = 2006 ஜூல். வித்தியாசம் 168 ஜூல் கப்புக்கும் வெப்பமானிக்கும் போயிருக்கிறது. 9.6 ஆல் வகுத்தால் கெல்வினுக்கு சுமார் 17.5 ஜூல்.

இப்போது கப்பில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி. தனிப் பாத்திரத்தில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் வைத்த வெப்பமானியைக் கழுவித் துடைக்காமல் மற்றதில் வைத்தால் வினை அங்கேயே தொடங்கிவிடும். இரண்டு நிமிடம், அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள். மூன்றாம் நிமிடத்தில் காரத்தை ஒரே வீச்சில் ஊற்றி, மூடி, கலக்குங்கள். அந்த நிமிடத்தில் அளவு எடுக்க வேண்டாம். அதன் பிறகு பத்தாம் நிமிடம் வரை அரை நிமிடத்துக்கு ஒன்று.

வெப்பமானி காட்டும் உச்சம் உண்மையான உச்சமல்ல. அது ஏறிக்கொண்டிருக்கும்போதே வெப்பம் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தில் பின்பகுதிப் புள்ளிகள் மெதுவாக இறங்கும் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டை மூன்றாம் நிமிடம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். அங்கே கிடைக்கும் உயர்வுதான் கணக்குக்கு உரியது.

மாதிரியாகப் பார்ப்போம். கரைசலின் நிறை 100 கிராம், தன்வெப்ப ஏற்புத்திறன் நீருக்கு உரியதே என்று கொள்கிறோம். வினைபட்டது 0.050 மோல். நேரடி உச்ச உயர்வு 6.2 டிகிரி என்றால் 418 × 6.2 = 2592 ஜூல்; மோலுக்கு −51.8 கிலோஜூல். கப்பையும் சேர்த்தால் 435.5 × 6.2 = 2700; மோலுக்கு −54.0. கோட்டை நீட்டி 6.4 டிகிரி என்று எடுத்தால் 2787, மோலுக்கு −55.7. வலிமை மிக்க அமிலம், காரத்துக்கு உரிய மதிப்பு −56 முதல் −57 கிலோஜூல் வரை. வேதிப்பொருளை மாற்றவில்லை, கணக்கிடும் முறையை மட்டும் சரிசெய்தோம்.

இதையும் செய்தும் மதிப்பு குறைந்தே வந்தால் காரக் கரைசலைச் சந்தேகியுங்கள். பழைய சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை உறிஞ்சியிருக்கும். 1 மோலார் என்று சீட்டு சொல்லும், உள்ளே அவ்வளவு இராது. வாய்மொழித் தேர்வில் கேட்கும் ஒரு கேள்வி: இரண்டையும் 100 மில்லியாக எடுத்தால் வெப்பநிலை உயர்வு இரட்டிப்பாகுமா? ஆகாது. வெப்பம் இரட்டிப்பு, சூடாக்க வேண்டிய கரைசலும் இரட்டிப்பு. வெப்பம் பொருண்மையை, அதாவது பொருளின் அளவை, சார்ந்தது, வெப்பநிலை சாராதது.

படி 6: ஹெஸ்ஸின் விதி

கார்பனை எரித்துக் கார்பன் மோனாக்சைடை மட்டும் தனியாகப் பெற முடியாது. டைஆக்சைடும் கூடவே வரும். ஆகவே அந்த வெப்பத்தை நேரடியாக அளக்க முடியாது. எந்த வழியில் போனாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே என்று 1840இல் ஹெஸ் கண்ட விதி இங்கே கைகொடுக்கிறது. கார்பன் முழுதாக எரிந்து டைஆக்சைடாக −393.5, மோனாக்சைடு எரிந்து டைஆக்சைடாக −283.0. இரண்டாம் சமன்பாட்டைத் திருப்பிப்போட்டால் +283.0. கூட்டினால் −110.5 கிலோஜூல். சமன்பாட்டைத் திருப்பினால் குறி மாறும், பெருக்கினால் எண்ணும் பெருகும்.

கழித்தலின் திசைதான் இங்கே ஆளைக் கவிழ்க்கும். உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து ஒரு மோல் சேர்மம் உருவாகும்போது வரும் மாற்றம்) கொடுத்தால்: விளைபொருள் − வினைபடுபொருள். எரிதல் என்தால்பி கொடுத்தால்: வினைபடுபொருள் − விளைபொருள். பிணைப்பு ஆற்றல் கொடுத்தாலும்: வினைபடுபொருள் − விளைபொருள், ஏனென்றால் உடைக்க ஆற்றல் கொடுக்கிறோம், உருவாகும்போது திரும்பப் பெறுகிறோம். ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் வினையில் உடைப்பது 436 + 242 = 678; உருவாவது 2 × 431 = 862; மாற்றம் −184 கிலோஜூல். ஹைட்ரஜன் குளோரைடின் உருவாதல் என்தால்பி −92.3, அதன் இரு மடங்கு −184.6. ஒத்துப்போகிறது. பிணைப்பு ஆற்றல் முறை எல்லாம் வாயுவாக இருக்கும்போதுதான் செல்லும், மூலக்கூறு பெரிதானால் சராசரி மதிப்புகளால் விடை தோராயமாகிவிடும்.

தனிமங்களின் உருவாதல் என்தால்பி பூஜ்யம் என்பது திட்ட நிலையில் (1 பார் அழுத்தத்தில்) மிக நிலையான வடிவத்துக்கு மட்டும். கிராஃபைட்டுக்குப் பூஜ்யம், வைரத்துக்கு +1.9. ஆக்சிஜனுக்குப் பூஜ்யம், ஓசோனுக்கு +142.7.

படி 7: என்ட்ரோபியில் சூழலை மறக்காதீர்கள்

வெப்பம் வெளிவரும் வினைதான் தானாக நடக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க் வேதியியலாளர் ஜூலியஸ் தாம்சனும் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோவும் கருதினார்கள். நவச்சாரத்தை நீரில் போட்டால் அந்தக் கருத்து உடைந்துவிடும். அம்மோனியம் குளோரைடு மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல் உறிஞ்சிக்கொண்டே, கப்பைக் குளிரவைத்துக்கொண்டே, தானாகக் கரைகிறது.

தானாக நடக்கும் மாற்றத்தில் என்ட்ரோபி கூடும் என்று சொல்லும் இரண்டாம் விதி பேசுவது மொத்த என்ட்ரோபியை: அமைப்பு + சூழல். ‘என்ட்ரோபி எப்போதும் கூடும்’ என்று பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு, நீர் எப்படி உறைகிறது என்று குழம்புகிறார்கள். நீர் உறைவதையே எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். பனி உருக 6.01 கிலோஜூல், 273 கெல்வினால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம் 22.0 ஜூல். உறையும்போது அமைப்பு 22.0ஐ இழக்கிறது. வெளிவிட்ட 6010 ஜூலைச் சூழல் பெறுகிறது. அதன் என்ட்ரோபி உயர்வு, 6010ஐச் சூழலின் வெப்பநிலையால் வகுத்தது.

சூழல் 263 கெல்வினில் இருந்தால் 6010 ÷ 263 = 22.85. மொத்தம் +0.85; உறையும். 283 கெல்வினில் 6010 ÷ 283 = 21.24. மொத்தம் −0.76, உறையாது. அதே வெப்பம் குளிர்ந்த சூழலில் கூடுதல் என்ட்ரோபியை உண்டாக்குகிறது. (உருகல் என்தால்பி வெப்பநிலையோடு சற்று மாறும், இங்கே மாறாது என்று கொண்டிருக்கிறோம்.)

படி 3இன் வாயுவுக்கு வருவோம். என்ட்ரோபி நிலைச்சார்பு என்பதால் மூன்று வழியிலும் வாயுவின் என்ட்ரோபி மாற்றம் ஒன்றே: 8.314 × 0.693 = +5.76 ஜூல்/கெல்வின். சூழல் இழந்தது மட்டும் வேறு. மீள் முறையில் 1729 ÷ 300 = 5.76, மொத்தம் பூஜ்யம். ஒரேயடி விரிவில் 1247 ÷ 300 = 4.16; மொத்தம் +1.60. வெற்றிட விரிவில் சூழல் ஒன்றும் இழக்கவில்லை, மொத்தம் +5.76. மூன்றாவதில் வெப்பம் பூஜ்யம், ஆகவே என்ட்ரோபி மாற்றமும் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். என்ட்ரோபிச் சூத்திரத்தில் வருவது மீள் முறையில் பரிமாறப்படும் வெப்பம்.

படி 8: கிப்ஸ் கட்டிலா ஆற்றலும் சுண்ணாம்புக் காளவாயும்

ஒவ்வொரு முறையும் சூழலுக்குத் தனிக்கணக்குப் போடுவதைத் தவிர்க்கவே கிப்ஸின் சார்பு. மாறா வெப்பநிலை, மாறா அழுத்தத்தில்:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

எதிர்க்குறி வந்தால் தன்னிச்சையான வினை, பூஜ்யம் என்றால் சமநிலை. இதற்குச் சுண்ணாம்புக்கல் சிதைவதை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கால்சியம் கார்பனேட், ஆக்சைடு, கார்பன் டைஆக்சைடு மூன்றின் உருவாதல் என்தால்பி முறையே −1206.9, −635.1, −393.5 கிலோஜூல். என்ட்ரோபி 92.9, 39.8, 213.7 ஜூல்/கெல்வின்.

என்தால்பி மாற்றம்: (−635.1 − 393.5) + 1206.9 = +178.3 கிலோஜூல்.
என்ட்ரோபி மாற்றம்: 39.8 + 213.7 − 92.9 = +160.6 ஜூல்/கெல்வின், அதாவது 0.1606 கிலோஜூல்/கெல்வின்.
298 கெல்வினில்: 178.3 − 298 × 0.1606 = +130.4 கிலோஜூல். தானாகச் சிதையாது, அதனால்தான் சுண்ணாம்புப் பாறை மலையாகவே நிற்கிறது.
குறி மாறும் வெப்பநிலை: 178.3 ÷ 0.1606 = 1110 கெல்வின், 837 டிகிரி செல்சியஸ்.

160.6ஐ அப்படியே போட்டு வகுத்தால் 1.11 கெல்வின் என்று வரும். அப்படி ஒரு விடையைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். வராமல் அடுத்த கேள்விக்குப் போவதுதான் பெரிய பிழை.

1 பார் கார்பன் டைஆக்சைடு அழுத்தத்தில் உண்மையில் தேவைப்படுவது சுமார் 900 டிகிரி. நம் விடை அறுபது டிகிரி போலக் குறைவதற்குக் காரணம், 298 கெல்வின் மதிப்புகளை ஆயிரம் கெல்வினைத் தாண்டியும் மாறாதவை என்று எடுத்துக்கொண்டதுதான்.

படி 9: திட்டக் கட்டிலா ஆற்றலும் அந்த நேரத்துக் கட்டிலா ஆற்றலும்

இந்த இரண்டும் ஒன்றல்ல. திட்ட மதிப்பு, ஒவ்வொரு பொருளும் திட்ட நிலையில், வாயுவானால் 1 பாரில், இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டது. சமநிலை மாறிலியோடு (சமநிலையில் விளைபொருளுக்கும் வினைபடுபொருளுக்கும் உள்ள விகிதம்) தொடர்புள்ளது இதுதான்:

திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் = −2.303 × 8.314 × வெப்பநிலை × மாறிலியின் மடக்கை

298 கெல்வினில் 2.303 × 8.314 × 298 = 5706 ஜூல். ஒவ்வொரு 5.7 கிலோஜூலுக்கும் மாறிலி பத்து மடங்கு மாறும் என்று நினைவில் வைத்தால் மனக்கணக்கிலேயே விடை தெரியும். சுண்ணாம்புக்கு 130.4 ÷ 5.706 = 22.85, மாறிலி 10இன் அடுக்கு −22.85, அதாவது சுமார் 1.4 × 10⁻²³. அறை வெப்பநிலையில் சமநிலைக் கார்பன் டைஆக்சைடு அழுத்தம் அத்தனை பார்தான்.

அந்த நேரத்து மதிப்புக்கு உண்மையான அழுத்தங்கள் வேண்டும். காற்றில் கார்பன் டைஆக்சைடு சுமார் 0.0004 பார், அதன் இயல் மடக்கை −7.82. உருவாகும் வாயுவைக் காற்றோட்டம் உடனுக்குடன் அடித்துச் சென்றால், அதே தோராயத்தில் 178300 ÷ (160.6 + 8.314 × 7.82) = 790 கெல்வின், சுமார் 517 டிகிரியிலேயே சிதைவு சாத்தியமாகிறது. காளவாயில் அடியிலிருந்து காற்று நன்றாக ஏறினால் எரிபொருள் எரிவதோடு இந்த வேலையும் சேர்ந்து நடக்கிறது. காற்று அடைபட்டால் கற்களின் நடுப்பகுதி சிதையாமல் மிஞ்சும். சுட்ட சுண்ணாம்பை நீர் ஊற்றித் தாளிக்கும்போது அந்தக் கட்டி பூக்காது.

சாத்தியம் என்பது வேறு, வேகம் என்பது வேறு. 517 டிகிரியில் சிதைவு நத்தை வேகத்தில்தான் நடக்கும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா ஆகும் வினைக்கு 298 கெல்வினில் கட்டிலா ஆற்றல் மாற்றம் −33 கிலோஜூல். இருந்தும் இரண்டையும் ஒரு குடுவையில் அடைத்து வைத்தால் ஒன்றும் நடக்காது. என்தால்பி −92.2 கிலோஜூல், என்ட்ரோபி −198.7 ஜூல் என்பதால் திட்ட நிலையில் 464 கெல்வினுக்கு மேல் கணக்கு எதிராகத் திரும்புகிறது. ஆனாலும் தொழிற்சாலைகள் 400–500 டிகிரி செல்சியஸில் இயங்குகின்றன. இரும்பு வினையூக்கிக்கு அந்த வெப்பநிலை தேவை, அதனால் ஏற்படும் நட்டத்தை நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தால் ஈடுகட்டுகிறார்கள்.

போட்டுப் பார்க்க ஒன்று

இரண்டு மோல் சல்பர் டைஆக்சைடு, ஒரு மோல் ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு மோல் சல்பர் ட்ரைஆக்சைடு ஆகிறது, எல்லாம் வாயு. உருவாதல் என்தால்பி: டைஆக்சைடு −296.8, ட்ரைஆக்சைடு −395.7 கிலோஜூல். என்ட்ரோபி: டைஆக்சைடு 248.2, ஆக்சிஜன் 205.2, ட்ரைஆக்சைடு 256.8 ஜூல்/கெல்வின். ஆக்சிஜனின் என்தால்பி பூஜ்யம், என்ட்ரோபி பூஜ்யமல்ல என்பதைக் கவனியுங்கள். வர வேண்டியவை: −197.8 கிலோஜூல், −188.0 ஜூல்/கெல்வின், 298 கெல்வினில் −141.8 கிலோஜூல், குறி மாறுவது 1052 கெல்வினில். என்ட்ரோபி +17.2 என்று வந்திருந்தால் ஆக்சிஜனை விட்டுவிட்டீர்கள்.